தெருவைப் பிளந்த வார்டு எல்லை

பழங்காநத்தத்தில் எங்கள் தெரு எப்போதும் ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுப் போடும். அந்த மாநகராட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளைப் புதிதாகப் பிரித்து, எங்கள் வரிசையை ஒரு வார்டிலும் எதிர் வரிசையை இன்னொன்றிலும் சேர்த்தார்கள். ஆட்சேபம் சொல்ல அவகாசம் இருந்தும் யாரும் போகவில்லை. ஓட்டுகள் சிதறி எங்கள் ஆள் தோற்றார்.

பிறகு தெரு நடுவிலிருந்த சாக்கடை மூடி உடைந்தது. இரு கவுன்சிலர்களும், "அது அடுத்த வார்டு" என்று தட்டிக்கழித்தார்கள். மழையில் ஒருநாள், ஏழு மாதக் கர்ப்பிணியான எதிர்வீட்டுச் செல்வி அந்தத் திறந்த குழிக்குள் விழுந்துவிட்டாள். நானும் அவள் மாமியாரும்தான் தூக்கினோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல்.

"சேந்திருந்தா கேள்வி கேப்போம்னுதான் நம்மள ரெண்டா அறுத்துப் போட்டாய்ங்க தாயி," என்று மாமியார் அழுதார்.

இப்போதெல்லாம் வார்டு பிரிப்பு என்றாலே, இரு வரிசைப் பெண்களும் ஒன்றாகப் போய் ஆட்சேபம் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம்.