ஜெபராஜ் அண்ணாச்சி போட்ட சீனரி ஆர்டர்

மிஷின் ஓடுகிற சத்தத்தில் போன் காதில் விழவில்லை. வெளியே வந்து நான் திருப்பிக் கூப்பிட்டபோது அண்ணாச்சியின் மனைவி ஞானம் அக்கா அழவில்லை. "காபி வச்சிட்டு எழுப்புனேன் தம்பி, அண்ணன் எந்திரிக்கல," என்றார். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

சிவகாசியில் எங்கள் கேலண்டர் பிரஸ்ஸில் படப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஜெபராஜ் அண்ணாச்சி. சாமி படம் ஒரு பக்கம் என்றால், நாங்கள் 'சீனரி' என்று சொல்லும் இயற்கைக் காட்சிப் படங்கள் மறுபக்கம். அதிலும் இங்கிலாந்துக் கிராமங்களில் இருக்கும் பெரிய கல் வீடுகளுக்கு எப்போதும் கிராக்கி. காரியாபட்டி அரிசி ஆலைக்காரர் ஒருவர், முன்னால் குளமுள்ள ஒரே வீட்டை வருஷா வருஷம் கேட்டு வாங்குவார். அண்ணாச்சி அந்தப் படங்களுக்கு வானத்தை நீலமாக்குவார், புல்லைப் பச்சையாக்குவார். "இந்த வீட்டுக்காரன் புல்லு வெட்டியே சொத்தை அழிச்சிருப்பான்லே," என்று சிரிப்பார். அவரோடு வேலை பார்த்து, இன்று அவர் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும், "அந்த வீடுகளை நேர்ல போய் நம்மளே எடுத்தா என்னலே?" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து தினமும் என் கம்ப்யூட்டரில் இங்கிலாந்து வரைபடத்தைத் திறக்கச் சொன்னார். எந்தச் சாலையில் மரம் அதிகம், எந்த வீட்டின் மேல் காலை வெயில் விழும், இங்கன இருந்து அங்கன போக எம்புட்டு நேரம் என்று விசாரிப்பார். வழியை எப்படி மாற்றிப் போட்டாலும் அது ஒரே ஊரில் வந்து நின்றது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியும் ரயில் நிலையமும்தான் இருந்தன.

"இந்த ஊர்ல எந்த வீடு இருக்கு அண்ணாச்சி?"

"டீ குடிக்க எங்கனயாவது நிறுத்த வேண்டாமாலே?"

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவருடைய ஒரே மகள் எஸ்தர் நர்ஸாக இருக்கிறாள். அங்கேயே தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணாச்சி போகவில்லை. அதன்பிறகு அவளோடு பேசவும் இல்லை. ஞானம் அக்கா மகளிடம் போனில் பேசும்போது அண்ணாச்சி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அவரிடம் கேட்கமாட்டோம்.

ஒருநாள் எஸ்தரின் நம்பரைக் கொடுத்து, என் போனிலிருந்து செய்தி அனுப்பச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: "சீனரி படம் எடுக்க நான்கு நாள் கார் தேவை. டிரைவர் வேண்டும். ரேட் தெரிவிக்கவும். ஜெபராஜ்."

"மக கிட்டயா கொட்டேஷன் கேக்கீக?" என்றேன்.

"அனுப்புலே," என்றார்.

அன்று மதியத்துக்கு மேல் அவர் எந்தப் படத்திலும் கை வைக்கவில்லை. சாயந்தரம் பதில் வந்தது: "கார் இருக்கிறது. டிரைவர் நான்தான். வீட்டுச் சாப்பாடு. அட்வான்ஸாக அம்மாவையும் அழைத்து வர வேண்டும்."

போனை வாங்கி வாசித்தார். திரும்ப வாசித்தார். குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிவிட்டு வந்து, "ரேட் கட்டுப்படியாகும்னு போடு," என்றார்.

கேலண்டர் சீசன் முடிந்ததும் அவரும் அக்காவும் போய்வந்தார்கள். திரும்பி வந்தவர் வீடுகளைப் பற்றிப் பேசவே இல்லை. "எம்புட்டு ரோடு, எப்படி ஓட்டுதா தெரியுமா!" என்பதுதான் பேச்சு. எடுத்து வந்த படங்களோ கேலண்டர் மாதிரிகள் வைக்கும் ஆல்பத்துக்கு உதவவில்லை. எல்லாமே கார் கண்ணாடி வழியாக எடுத்தவை, பாதி கலங்கலாக இருந்தன. கேலண்டருக்குப் படம் தேடித் தேடியே காலம் கழித்த மனுஷன் இப்படியா எடுப்பார் என்று நாங்கள் கேலி செய்தோம். "அங்க மழைலே," என்றார். அதை நாங்களும் நம்பினோம்.

அடக்கத்துக்கு வந்திருந்த எஸ்தர், ஊர் திரும்பும் முன் அவருடைய கேமராவை எடுத்துப்போக பிரஸ்ஸுக்கு வந்தாள். அவருடைய நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலயும் அப்பாவ இறங்குங்கன்னு சொன்னேன் சித்தப்பா. 'இருக்கட்டும், நீ ஓட்டு'ன்னாங்க. கடைசி நாள் அவங்களே வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. எதிர்ல பெரிய வீடு. படம் எடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன். 'உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்'னு சொன்னாங்க. அப்புறம், 'சரி, போவோம்'னாங்க. உங்ககிட்ட சொன்னாங்களா?"

சொல்லவில்லை. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. அது எனக்கு வருத்தமாக இல்லை. அது அவளுக்குச் சேர வேண்டிய வார்த்தை.

அண்ணாச்சியைப் பற்றிப் பேச உங்களிடம் எவ்வளவோ இருக்கும். நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: நேராகப் போக வழி தெரியாத ஒரு மனிதர், இல்லாத ஒரு ஆர்டரைப் போட்டாவது கடல் தாண்டிப் போய், சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லிவிட்டு வந்தார்.