எழுபத்தொன்றாம் நாள் கடலை சாஸ்

லியூ அக்காவைப் பற்றி எங்கள் சந்தில் இப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மனசாட்சி இல்லாதவள். நான் அவளுக்கு எதிர்க்கடை. பதினெட்டு வருஷமாக அவள் அரிசித்தாள் சுருள் விற்கிறாள், நான் ஐஸ் காபி விற்கிறேன். சைகோனுக்குத் தெற்கே இருக்கும் இந்த மீதோ ஊரில் நாங்கள் இருவரும் வேறு எதுவும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. இருந்தாலும் அவளைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஆள் குள்ளம். பேச்சு அதைவிடக் குள்ளம். அவள் புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு சைகோனுக்குப் போன மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். நான்தான் அவளுக்காக அழுதேன். "காபி ஆறிடப் போவுது, வேலையப் பாரு" என்று என்னைத்தான் அதட்டினாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவள் சுருளில் அதிசயம் ஒன்றும் இல்லை. இறால், பன்றி இறைச்சி, சேமியா, கீரை, அவ்வளவுதான். கூட்டம் வந்தது தொட்டுக்கொள்ளும் கடலை சாஸுக்காக. விடியுமுன்னே புளித்த சோயாவை அரைத்து, குழைந்த பசையரிசியும் இளநீரும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கிண்டுவாள். அது தீர்ந்துபோனால் வீட்டுக்குள் ஓடிப்போய் ஐந்தே நிமிஷத்தில் அவசர சாஸ் ஒன்று கலந்து வருவாள். எண்ணெயில் பூண்டு பொரிந்ததும், பாட்டிலில் வரும் இனிப்பான கறுப்பு சோயா சாஸ் நாலு கரண்டி, வறுத்து அரைத்த வேர்க்கடலை விழுது இரண்டு கரண்டி, இளக்குவதற்கு இறாலும் இறைச்சியும் வெந்த தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் முக்கியம். வெறும் வெந்நீர் ஊற்றினால் சாஸ் செத்துப்போகும் என்பாள். மேலே உடைத்த கடலையும் மிளகாயும் தூவினால் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். வினையே அங்கேதான் இருந்தது.

அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியன்றும் எங்கள் சந்தே சைவம். அந்த நாட்களில் அவளும் டோஃபு சுருள் மட்டும்தான் விற்பாள். சட்டி, பலகை, கத்தி எல்லாம் தனி. சாஸில் பூண்டு கிடையாது, எலுமிச்சைப் புல். இளக்குவதற்கு வெந்நீர். பக்தி விஷயத்தில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் அதெல்லாம் கிடையாது.

மூன்று வீடு தள்ளிக் குயென். முப்பத்தெட்டு வயசு, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் புருஷன் ஹியெப் படகு எஞ்சின் மெக்கானிக். புத்தாண்டு முடிந்த வாரம் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். நாலு வாரம் சைகோன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருந்தது. ஆனால் யார் முகமும் அவனுக்குத் தெரியவில்லை. அவன் விழுந்த அன்றே குயென், கருணைத் தெய்வமான குவான் ஆம் தாய் முன்னால் விழுந்து, நூறு நாள் சைவம் என்று வேண்டிக்கொண்டாள். இடையில் ஒரு வாய் அசைவம் பட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நூறாவது நாள் ஹியெப் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான் என்று அவள் நம்பினாள். சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் கூடவே எண்ணினோம், நம்பாத நானும்கூட.

எழுபத்தொன்றாம் நாள் பௌர்ணமி. அன்றைக்கென்று பழைய வாடிக்கையாளர் வீட்டில் திவசம், அவர்கள் படையல் அசைவம்தான், மதியத்துக்கு நூற்றைம்பது இறால் சுருள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். லியூ அக்காவுக்கு மறுக்க மனமில்லை. வீட்டுக்குள் ஓர் அடுப்பில் இறாலும் இறைச்சியும் வெந்து இறங்கின. வாசலில் சைவ வியாபாரம். ஒன்பது மணிக்கே சாஸ் தீர்ந்துவிட்டது, வரிசையோ சந்து முனைவரை நிற்கிறது. உள்ளே ஓடினாள், ஐந்து நிமிஷத்தில் கலந்துகொண்டு ஓடிவந்தாள்.

குயென் என் ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். எழுபது நாளில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு ஆளே பாதியாகிவிட்டாள். முதல் சுருளைத் தொட்டு வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"லியூக்கா, இன்னிக்கி சாஸ்ல என்ன போட்டீங்க? இத்தன நாள் கழிச்சு இப்பதான் நாக்குக்கே உசிரு வந்திருக்கு."

லியூ அக்கா சிரித்தாள். இன்னொரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். குயென் அதையும் தொட்டுச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கரண்டியால் வழித்துக் குடித்துவிட்டு, புருஷனைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமாயிற்று என்று போனாள். அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுபடியும் கலக்க உள்ளே போன லியூ அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சாஸ் தீர்ந்தது என்று வரிசையைக் கலைத்தாள். மதியம் கதவைப் பாதி சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். சைவ சாஸ் கரண்டி இறால் பானையில் கிடந்ததாம், அதில் இறால் மீசை ஒன்று ஒட்டியிருந்ததாம். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை தன் பாட்டுக்கு அந்தப் பானைக்குப் போயிருக்கிறது. மற்றவர்களும் சாப்பிட்டார்கள்தான். ஆனால் அவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் சைவம், அவ்வளவே. நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள் குயென் ஒருத்திதான்.

"அவகிட்ட சொல்லணும்டி" என்றாள்.

"சொல்லி? எழுபத்தோரு கோட்டையும் அழிச்சிட்டுத் திரும்ப ஒண்ணுலேருந்து ஆரம்பின்னு சொல்லப் போறியா? அவ உடம்ப பாத்தியா நீ? இன்னும் நூறு நாள் தாங்குமா அது?"

"தெய்வத்துக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா உன்னத்தான் கேக்கும். அவள இல்ல. வாய மூடிக்கிட்டு இரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு நான்தான் காரணம், மறுக்கவில்லை. இறால் தண்ணீர் பட்டு ஒரு மனுஷனின் மூளை கெட்டுப்போகாது என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அன்றிலிருந்து லியூ அக்கா சைவமானாள். குயென் விரதத்தில் விழுந்த ஓட்டையைத் தான் அடைப்பதாக நினைப்பு. அசைவ நாட்களிலும் சாஸை ருசி பார்க்காமலே இறக்கினாள். ஒரு நாள் உப்புக் கரித்தது, ஒரு நாள் சப்பென்று இருந்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலமானால் குயென் வீட்டுக்குப் போய் ஹியெப்பின் துணிகளைத் துவைத்துப் போட்டாள். அவன் இருமினால் துவைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கி சூடு இல்ல" என்று என்னிடம் சொல்வாள், நான் கேட்காமலே. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தொண்ணூற்றாறாம் நாள் விடியற்காலை ஹியெப் செத்துப்போனான். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கு இது வருவதுதான் என்றார் டாக்டர். நான் டாக்டரை நம்பினேன். லியூ அக்காவிடமும் சொன்னேன். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

குயென் அழவில்லை. சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் தள்ளிவிட்டாள். ஏழாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். சுவரோரம் உட்கார்ந்திருந்த குயென் திடீரென்று பேசினாள்.

"நான்தான் அவரக் கொன்னேன்."

பைத்தியம் மாதிரி பேசாதே என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பத்தொன்பதாம் நாள், தருமத்துக்கு யாரோ கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்களாம். வாசனையிலேயே கறிக் கஞ்சி என்று தெரிந்ததாம். பசி. கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டாளாம். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்காமல் இருபது என்றே எண்ணியிருக்கிறாள்.

"தெய்வத்தையே ஏமாத்தப் பாத்தேன். அதான் எடுத்துக்கிச்சு. எம் புள்ளைங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்று கேட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடி ஒவ்வொன்றும் வாசல்வரை கேட்டது.

லியூ அக்கா கையைத் துடைத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய்க் குயென் முன்னால் மண்டியிட்டாள்.

"நீ இல்ல குயென். பசியில குடிச்ச கஞ்சியத் தெய்வம் கணக்கு வெக்காது. நான்தான். பௌர்ணமியன்னிக்கி உனக்குக் குடுத்த சாஸ்ல இறால் தண்ணி ஊத்தியிருந்தேன்."

"தெரியாமத்தான..." என்று ஆரம்பித்தாள் குயென். அவ்வளவு நல்லவள் அவள்.

"மொதக் கிண்ணம் தெரியாம. ரெண்டாவது தெரிஞ்சே குடுத்தேன். மறுபடி கலக்கச் சோம்பல். வரிசை நின்னுது, வியாபாரம் போயிடும்னு பாத்தேன்."

பொய். பச்சைப் பொய். இரண்டாவது கிண்ணத்தை ஊற்றும்போது அவள் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். தெரிந்தே கொடுப்பவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். சொல்ல வாயெடுத்தேன். லியூ அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். புருஷன் ஓடிப்போன மறுநாள் என்னை அதட்டினாளே, அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நான் அடங்கிவிட்டேன்.

குயென் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அடித்துக்கொண்டிருந்த கை மடியில் விழுந்தது.

"அப்ப... நான் இல்லயா?"

"இல்ல."

அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, ஏழு நாள் அழுகையும் சேர்த்து. அழுது முடித்து, "எந்திரிச்சுப் போ" என்றாள். அதுவரை அக்கா என்றும் நீங்க என்றும் பேசியவள். "இந்த வீட்டு வாசல மிதிச்சா நடக்கறதே வேற."

அன்றிரவு அவள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தூங்கினாள் என்று மூத்த பெண் மறுநாள் வந்து சொன்னாள். காலையில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாளாம். மத்தியானத்துக்குள் சந்து முழுக்கச் செய்தி பரவியது. சைவ நாட்களில் லியூ அக்காவிடம் இப்போது ஒருவரும் வாங்குவதில்லை. மற்ற நாட்களில் வெளியூர்க்காரர்கள் நாலு பேர் வருகிறார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளைப் பிடித்து உலுக்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தாலே போதுமே, பொய் எதற்கு என்று கேட்டேன்.

"தெரியாம ஊத்திட்டேன்னு மட்டும் சொல்லியிருந்தா என்ன மன்னிச்சிருப்பா. மன்னிச்சிட்டு திரும்பவும் அந்தக் கஞ்சிக்கே போயிருப்பா" என்றாள். "அவ அவகூடத்தானடி காலம் பூரா வாழணும். எங்கூடயா வாழப்போறா?"

இதை அவள் நிம்மதியாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னாள். ஹியெப் செத்தது தன்னால்தான் என்று அவள் நம்புகிறாள். அந்தப் பொய்யில் அவள் கூட்டிச் சொன்னது ‘தெரிஞ்சே’ என்பதையும் சோம்பலையும் வியாபாரத்தையும் மட்டுமே, மீதியெல்லாம் அவளுக்கு உண்மை. அதை மாற்ற என்னால் முடியவில்லை.

குயென் இப்போது படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் என்னிடம் காபி வாங்குவாள். நேற்றும் வந்தாள். எதிரே லியூ அக்கா தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குயென் அந்தப் பக்கம் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, "மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இவளுக்கு? நீங்களே சொல்லுங்கக்கா" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லதான்" என்றேன்.