ரோமாபுரித் தூணும் நாகூர் அடுப்பங்கரையும்

வீட்டுக்கு பிளான் போட்டுப் பிழைக்கிறவனுக்குப் பாதி வேலை கோடு போடுவது, மீதி வேலை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். நான் மன்னார்குடியில் ஆபீஸ் போட்ட காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் வந்தது. வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொருவரும் திரும்பும்போது சென்ட் பாட்டிலோடு ஏதாவது ஒரு பழைய கட்டடத்தின் படத்தையும் கொண்டுவந்தார்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

தண்ணீர்த் தொட்டி

வலங்கைமானிலிருந்து ஒருவர் வந்தார். மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர். மொட்டைமாடித் தொட்டியைப் பிரமிடு மாதிரி கட்ட வேண்டும் என்றார். மேலே போகப் போகக் குறுகினால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "பிரமிடுங்கறது ராஜாவைப் புதைச்ச இடங்க. அதுக்கடியிலயா குடும்பம் நடத்தப் போறீங்க?" என்று கேட்டேன். மனிதர் அசரவே இல்லை.

"புதைச்சா புதைச்சுட்டுப் போறான் சார். பஸ்ஸுல போறவன் திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான்."

சிங்கம்

அடுத்து வந்த வியாதி சிங்கம். பழைய அரண்மனை வாசலில் எல்லாம் சிங்கம் இருக்கிறதாம், அதனால் தன் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிங்கம் வேண்டும் என்று ஒரு சிங்கப்பூர்க்காரர் பிடிவாதம் பிடித்தார். என்னிடம் இருந்த கொத்தனார் கோவிந்தராசு சிங்கத்தை நேரில் பார்த்தவர் இல்லை. தன் தெருவில் என்ன திரிந்ததோ அதைப் பார்த்துச் செய்துவிட்டார். விலா எலும்பு தெரிந்தது. காது தொங்கியது. பிடரி மட்டும் மப்ளர் சுற்றின மாதிரி இருந்தது. "யோவ், இது நாய்யா!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். கோவிந்தராசு நிதானமாகச் சாந்துக் கரண்டியைக் கழுவினார்.

"சிங்கந்தான் சார். நம்ம ஊரு வெயிலுக்குக் கொஞ்சம் இளைச்சிருக்கு."

எலிவேஷன்

வீட்டின் முகப்புக்கு எங்கள் பாஷையில் எலிவேஷன் என்று பெயர். இந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நாகூரில் ஷாகுல் என்பவர் கூப்பிட்டிருந்தார். துபாயில் எலக்ட்ரீஷியன், லீவில் வந்திருந்தார். மனை அகலம் குறைவு, நீளம்தான் உண்டு. அவர் நீட்டிய படத்தில் ரோமாபுரியில் பாதி இடிந்து நிற்கிற ஒரு கோயில். வரிசையாகத் தூண்கள், ஏறிப் போக அகல அகலமாகப் படிகள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி மெஹருன்னிசா டீ கொண்டுவந்தார். இளைப்புக்காரர். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. "அண்ணே, அடுப்பங்கரைக்கு ரெண்டு ஜன்னல் வைங்க. பின்னால புகை போவக் கொஞ்சம் கொல்லை விடுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல" என்றார். கட்டாயம் வைக்கிறேன் என்று நான் சொன்னதும் ஷாகுல் சிரித்தார்.

"அவ கிடக்கா சார். தெருவுல நிக்கிறவனுக்கு அடுப்பங்கரையா தெரியப்போவுது?"

முளைக்குச்சி

நான் விடவில்லை. நாலே தூண், மூன்று படி, பின்னால் தாராளமாகக் கொல்லை என்று பிளான் போட்டேன். ஷாகுலையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். நானே நின்று முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தேன். அவர் துபாய்க்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து, ஊரில் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தன் அண்ணனுக்கு ஒரு போன். படத்தில் இருக்கிற அளவுக்குப் படி வேண்டுமாம், தூணும் தடியாக வேண்டுமாம். முன்னால் தெரு, நகர இடம் கிடையாது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? முளைக்குச்சிகளை எல்லாம் பிடுங்கி வீட்டையே பின்னால் தள்ளிவிட்டார். அடுத்த தடவை நான் போனபோது அஸ்திவாரம் எழும்பி, அடுப்பங்கரைச் சுவர் பின்வீட்டுக்காரர் மதிலை ஒட்டி நின்றது. கொல்லை போயிற்று. ஜன்னல் வைத்தால் மதிலைத்தான் பார்க்க வேண்டும் என்று அதையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

நம் பக்கத்துக் கோயில்களில் சாமிக்கே மடப்பள்ளி தனியாகக் கட்டி, புகை போக வழி விட்டிருக்கிறார்கள். சாமிக்கு இளைப்பு கிடையாது. இங்கே உயிரோடு இருக்கிற ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு ஜன்னல் இல்லை. அந்தப் பொம்பளை செத்தால் யார் பதில் சொல்வது என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

"தம்பி வீடு, தம்பி இஷ்டம். நீங்க ஏன் சார் துள்ளுறீங்க?"

கரி

அதோடு அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்றிருந்தேன். அடுத்த லீவில் வந்த ஷாகுலே போன் செய்தார். தூணெல்லாம் கறுத்துப்போய்விட்டது, உங்கள் கொத்தனார் என்ன பெயின்ட் அடித்தார் என்று ஒரே சத்தம். அந்த வீட்டில் என் கொத்தனார் கால் வைத்ததே இல்லை. நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

போனால், நடுத்தூண் இரண்டுக்கும் இடையில் மூன்று செங்கல் வைத்து விறகடுப்பு எரிகிறது. மெஹருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்க்க உட்கார்ந்து சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு தூணும் இடுப்புக்கு மேலே கரியாகக் கிடக்கின்றன. அடைத்த அடுப்பங்கரையில் மூச்சு முட்டி விழுந்து, இரண்டு தடவை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இரண்டாம் தடவை வீடு திரும்பியதும், யாரையும் கேட்காமல் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பக்கத்தில் ஷாகுல் நின்று, "தெருவே பாக்குதுடி, மானம் போவுது, உள்ள எடுத்துட்டுப் போ" என்று குதிக்கிறார். அந்தம்மா அகப்பையைச் சட்டியில் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"தெரு பாக்கத்தானே கட்டுனீங்க மச்சான், பாக்கட்டும். தூணுக்கு மூச்சு முட்டாது. எனக்கு முட்டுது."

இப்போதெல்லாம் யார் படத்தோடு வந்தாலும், இந்தக் கட்டடத்தில் சோறு ஆக்கியது யார், எங்கே வைத்து ஆக்கினார்கள் என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் படத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள்.