லிஃப்டில் இருந்தவள்

கண்ணாடிக்கடை அக்காவுக்கு ஒரு வியாதி இருந்தது. மருந்துக்கடையில் அதற்கு மாத்திரை கிடைக்காது. கணவருடைய முதல் மனைவியை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை நினைக்காமல் ஒரு பொழுதும் போனதில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குக் கல்யாணம். அதுவரை கவுண்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர் போகிறவர் மூக்குக்கெல்லாம் ஃப்ரேம் வளைத்துக்கொண்டிருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். வயரிங் படத்தின் பொடி எழுத்து தெரியவில்லை என்று கடைக்கு வந்தவர், கண்ணாடி வாங்கிய பிறகும் காது வலிக்கிறது, மூக்கு அழுத்துகிறது என்று வந்துகொண்டே இருந்தார். “காதும் மூக்கும் நல்லாத்தான் இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க” என்றாள். சொன்னார். விவாகரத்து ஆனவர் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வினை அங்கேதான் பிடித்தது. கதவை மெதுவாகச் சாத்தும்மா என்று அவர் சொன்னால், “ஏன், அவங்க மெதுவா சாத்துவாங்களோ?” என்பாள். அவரும் சும்மா இருக்க மாட்டார். “ஆமா, அவ கதவுக்கு வலிக்குமேன்னு பார்ப்பா” என்பார். அப்புறம் கேட்க வேண்டுமா? தட்டுமுட்டுச் சாமானெல்லாம் பேசத் தொடங்கிவிடும். சண்டை முடிந்து இருவரும் சிரித்த பிறகும் அவளுக்குள் ஒரு முள் கிடந்து உறுத்தும். முதல் மனைவியை அவர் ‘சிட்டு’ என்று கூப்பிடுவாராம். ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தனக்கோ எட்டு வருஷமாக வெறும் ‘இந்தாம்மா’தான்.

எட்டாவது வருஷத்தில்தான் அவர் கையிலிருந்து டம்ளர் விழ ஆரம்பித்தது. இடது கை சட்டென்று வெட்டி இழுக்கும். அதே நொடியில் இடது கன்னமும் சுருங்கும். கண் இமைப்பதற்குள் சரியாகிவிடும். அசதி என்று இருவரும் தட்டிக்கழித்தார்கள். பிறகு அது ஓயாமல் வரத் தொடங்கியது. ஸ்க்ரூடிரைவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்த அன்று கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே சாப்பிட்டதை மறந்தார், குளித்ததை மறந்தார். ஒருநாள் காலையில் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

“நீங்க யாருங்க? சிட்டு எங்க?”

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதித்துவிட்டு அவளை உட்காரவைத்துப் பேசினார்.

“மூளையில இருக்கற செல்லெல்லாம் மின்சாரத்துலதான் பேசிக்குதும்மா. ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் பொடிப்பொடியா வாசல்கள் இருக்கு. சோடியம், பொட்டாசியம்னு சொல்றோமே, அந்த உப்புத் துகள்கள் அது வழியாத்தான் உள்ள போகும், வெளிய வரும். ஒரு செல்லும் இன்னொரு செல்லும் சந்திக்கிற இடம் அடிக்கடி வேலை செஞ்சா, அங்க வாசல்கள் கூடும், இணைப்பு பலமாகும். ஞாபகம்னு நாம சொல்றது பெரும்பாலும் அதுதான்.”

“இவருக்கு என்ன ஆச்சு?”

“கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, தப்பா ஒரு புரதத்தைத் தாக்குது. ரெண்டு விதமான வாசல்களை அதது இடத்துல நிறுத்தி வைக்கிற புரதம் அது. ஒரு வாசல் செல்லை அமைதிப்படுத்தும். அது குறைஞ்சதால செல் கட்டுக்கடங்காம துடிக்குது, கை வெட்டி இழுக்குது. இன்னொண்ணு பக்கத்து செல் அனுப்பற சேதியை வாங்கற வாசல். அதுவும் குறைஞ்சதால புதுசா எதுவும் பதிய மாட்டேங்குது. கடைசி பத்து வருஷமும் கலைஞ்சிருக்கு. அதுக்கு முந்தினது ரொம்ப நாளா ஊறி உறைஞ்சது, அதனால தப்பிச்சிருக்கு.”

கண்ணாடிக்கடை அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்துவிட்டு, “அவங்க இருக்காங்க, நான் இல்லை. அப்படித்தானே டாக்டர்?” என்றாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், “அவர் வேணும்னு செய்யலம்மா” என்றார்.

அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்து என்ன பயன்? ஊசி ஏறியது, ஸ்டீராய்டு ஏறியது, கை வெட்டுவது நின்றது. ஆனால் தினமும் கண் விழித்ததும் சிட்டுவைக் கேட்டார். உங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. தினமும் அது அவருக்குப் புதுச் செய்தி. தினமும் அப்போதுதான் இடி விழுந்ததுபோல அழுதார். கட்டிய புருஷன் இன்னொருத்திக்காக அழ, அவர் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிடும் பாக்கியம் எந்தப் பெண்ணுக்கு வாய்க்கும்? அவளுக்கு வாய்த்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் மனசில் பதிய ஆரம்பித்தது. விவாகரத்து பதிந்தது. இவள்தான் மனைவி என்பதும் பதிந்தது, அதுவும் பாடம் படித்ததுபோல. “தண்ணி தர்றீங்களா?” என்பார். கொடுத்தால் “நன்றிங்க” என்பார். சண்டைக்கு இழுத்துப் பார்த்தாள். கதவை அறைந்து சாத்தினாள். “மன்னிச்சிடுங்க, நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்று எழுந்து நின்றார். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவருக்குச் சொல்லப் பிடித்த கதை ஒன்றுண்டு. வாலிபத்தில் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. இவர் மேலிருந்து இறங்கிக் கதவை நெம்பியபோது, உள்ளே ஒரு பெண் பயமே இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாளாம். அவள்தான் சிட்டு. சொல்லும்போது முகத்தில் விளக்கு போட்டாற்போல இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். “பழைய ஞாபகத்தை எடுத்துப் பேசும்போது அது கொஞ்சம் இளகும், திரும்பவும் இறுகும். அந்தச் சமயத்துல கேக்கறது சிலது அதோட சேர்ந்துக்கும். அதனால வீட்டுல சரியானதையே சொல்லிக் கொடுங்க.”

அறிவுரை நல்லதுதான். அவள் எடுத்துக்கொண்டது வேறு.

அவர் மறுபடி லிஃப்ட் கதையை எடுத்தபோது, பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள்: “அது நான்தாங்க.”

“நீங்களா?”

“பின்ன யாரு? சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான். நீங்கதான் குழப்பிக்கறீங்க.”

“அப்போ சிட்டுவை எங்க பாத்தேன்?”

“உங்க அக்கா மூலமா வந்த சம்பந்தமா இருக்கும். எனக்கென்ன தெரியும்?”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பொய் சொல்லிவிட்டோமே என்று அவள் பயந்தது ஒரு மணி நேரம் இருக்கும். மறுநாள் தானே கதையைத் தொடங்கிவைத்தாள். எந்தச் சேலை கட்டியிருந்தாள், அவர் எப்படிக் கை நீட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். சில வாரத்தில் அவர் இவளைப் பார்த்தே அந்தக் கதையைச் சொன்னார். விளக்கு இப்போது இவளைப் பார்த்து எரிந்தது. ஊரை ஏமாற்றிச் சொத்து சேர்த்தவள்போல, அவள் சந்தோஷப்பட்டாள். காலடிச் சத்தம் கேட்டால் திடுக்கிட்டாள்.

ஒரு மத்தியானம் அந்தக் காலடிச் சத்தம் வந்தேவிட்டது. அவருடைய அக்கா சொல்லித் தெரிந்துகொண்டு, சிட்டு வாசலில் நின்றாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள், குட்டையாக வெட்டிய முடி, அதில் பாதி நரை. இத்தனை வருஷமாக மனசில் அழகு அழகாய் வரைந்து வைத்திருந்தவளுக்கு, மூக்கில் ஒரு கோணல் கண்ணாடி. ஃப்ரேமை நிமிர்த்திவிடக் கை பரபரத்தது. கையை அடக்கிக்கொண்டு, “உள்ள வாங்க” என்றாள்.

“சிட்டு!” என்று அவர் எழுந்தே விட்டார். குரல் குழைந்தது. கண்ணாடிக்கடை அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் உற்சாகமாக, “இவங்களை நான் எப்படிப் பாத்தேன்னு உனக்குத் தெரியுமா? துணிக்கடை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. உள்ள உக்காந்து ஒரே சிரிப்பு!” என்று முழுக்கதையும் சொன்னார்.

சிட்டு இவள் பக்கம் திரும்பினாள். இவளுக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது.

“ஓ” என்றாள் சிட்டு. “தைரியசாலிதான்.”

வழியனுப்ப இவள் கீழே தெரு வரை போனாள். நடந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “ஏன் அங்கயே சொல்லல?” என்றாள்.

“எதைச் சொல்ல? அந்த லிஃப்ட்ல நான் சிரிக்கவே இல்லீங்க. மூச்சு முட்டி ஓன்னு அழுதேன். கதவைத் திறந்ததும் அவரைத் தள்ளிவிட்டுட்டு ஓடினேன். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துக்குள்ள அதைச் சிரிப்பா மாத்திட்டாரு. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல. அந்தச் சிரிச்ச பொண்ணு நான் இல்ல. நீங்களே வச்சுக்கோங்க.”

எடுத்ததைத் திருப்பிக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“எதுக்குப் பிரிஞ்சீங்க?”

“பேச மாட்டாரு. கோவம் வந்தா மாசக்கணக்கா வாயைத் திறக்க மாட்டாரு. நான் சுவத்தோட குடித்தனம் பண்ணேன். அதெல்லாம் அவருக்கு அழிஞ்சு போச்சு, பாருங்க. நான் மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு அலையணும்.” கோணல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “உங்ககிட்ட வாய்க்கு வாய் சண்டை போடுவாராமே? அவரோட அக்கா சொன்னாங்க. கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வயிறெரிஞ்சது.”

கண்ணாடிக்கடை அக்கா படியேறி வந்தாள். தன்மேல் ஒருத்தி பொறாமைப்பட முடியும் என்பதே அவளுக்குப் புதிது. அதில் குளிர்ந்திருக்க வேண்டிய மனசு குளிரவில்லை. உள்ளே வந்தால் அவர் இன்னும் புன்னகையோடு, “சிட்டு அப்படியே இருக்கா இல்ல?” என்றார்.

அவ்வளவுதான்.

“அப்படியே இருக்காங்களா? போங்க, அவங்க பின்னாடியே போங்க! லிஃப்ட்ல இருந்தது நான் இல்ல. அவங்கதான். நான் பொய் சொன்னேன். என்னைக் கண்ணாடிக்கடையிலதான் பாத்தீங்க. காது வலிக்குதுன்னு வந்தீங்க. எட்டு வருஷம் எங்கூட குடும்பம் நடத்தினீங்க, ஒரு நாள்கூட உங்க மண்டையில மிச்சம் இல்ல. அவங்க பேர் மட்டும் பத்திரமா இருக்கு!”

அவர் முகம் சிவந்தது. “என் தலைக்குள்ள புகுந்து பொய்யை வைப்பியா? எனக்கு இருக்கறதே கொஞ்சம்தான். அதுலயும் கலப்படமா?”

“ஆமா, வச்சேன்! வேற வழி?”

“கேட்டிருக்கலாம்! நான் என்ன வேணும்னா மறந்தேன்? காலையில எந்திரிச்சா எதிர்ல நிக்கறது யாருன்னு தெரியாம நான் பட்டது உனக்குத் தெரியுமா?”

சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மூடிக்கொண்டது. களைத்துப்போய் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவர் ‘நீ’ என்று பேசியிருந்தார்.

மறுநாள் காலையில், இதுவும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே காபியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நேத்து நீ பேசின பேச்சுக்கு என்னால இன்னும் ஆறல” என்றார்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். மருந்து வேலை செய்கிறது, மனசு கொதிக்கும்போது நடப்பது ஆழமாகப் பதியும் என்றார். சண்டையை மருந்தாகக் கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

போன எட்டு வருஷம் வரவில்லை. அவள் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொடுத்தாள். தான் தப்பு செய்த சண்டைகளையும், அவற்றைக் கொஞ்சம் சுருக்கித்தான் என்றாலும், சொன்னாள். லிஃப்ட் கதையை அவர் அப்புறம் சொல்வதே இல்லை. அதில் இருப்பது யார் முகமென்று தனக்கே தெரியவில்லை என்றார். அவர் கம்பெனிக்குத் திரும்பினார், ஏணி ஏறாத வேலைக்கு. வயரிங் படம் பார்த்துப் பழுது எங்கே என்று ஃபோனில் சொல்கிற வேலை.

சிட்டு இப்போதும் உடம்பு எப்படி என்று கேட்க எப்போதாவது கூப்பிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள். கண்ணாடிக்கடை அக்கா எடுத்து, “அவர் தூங்கறாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு?”

“ராங் நம்பர்.”

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார். “போன மாசமும் இதே ராங் நம்பர்தானே வந்துச்சு? அப்பவும் நான் தூங்கறேன்னுதானே சொன்னே?”

மாட்டிக்கொண்டவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, போன மாதம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதே என்று சந்தோஷமும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல், “ஆமா, இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.