கேட்டுக்கு முன்னால் பிடித்த பிரேக்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் நான் சேர்ந்த புதிது. அன்று காலை தண்டவாளத் துண்டுகள் ஏற்றிய நாலு சக்கர டிராலியை எங்கள் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்கும் சரிவு. டிராலியின் மேல் உட்கார்ந்து கை பிரேக்கைப் பிடிப்பது என் வேலை.

சரிவில் ஒரு லெவல் கிராசிங். எங்களுக்காகக் கேட்டை மூடியிருந்தார்கள். தொழிற்பேட்டைக்குப் போகும் வேன்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட பெண்கள் சிலர் கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நடந்த எங்கள் மேஸ்திரி நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். பிரேக்கை இறுக்கி டிராலியை நிறுத்தினேன்.

அப்போது இரும்பு லோடு ஏற்றிய லாரியின் டிரைவர், கையில் ஜாக்கியைத் திருகும் இரும்பு ராடோடு கேட் கீப்பரின் அறைக்குள் நுழைந்தான். கேட் கீப்பர் என் வயதுப் பெண்.

"இன்னாடி, ரயிலே காணோம். தொறந்து வுடு!"

"டிராலி வருதுண்ணா, கொஞ்சம் இருங்க."

அறைந்த சத்தம் எனக்கே கேட்டது. தலைமுடியைப் பிடித்து அவளை வெளியே இழுத்து வந்தான். தடுக்க ஓடிய மேஸ்திரியின் முழங்கையில் ராடால் அடித்தான். கை தப்பான பக்கம் மடங்கியது. விழுந்தவரை மிதித்தான். எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். மற்ற லாரிக்காரர்களும் இறங்கினார்கள். ஜல்லிக்கல் பறந்தது.

நான் இறங்கவில்லை. பிரேக்கை விட்டால், பயந்துபோய்த் தண்டவாளத்திலேயே நின்றுவிட்ட அந்தப் பெண்கள் மேல் டிராலி ஏறிவிடும்.

"பிரேக்க வுட்றாத ம்மா!" என்று மண்ணில் கிடந்தபடியே மேஸ்திரி கத்தினார்.

லாரிக்காரர்களில் ஒருவன் டிராலியில் ஏறி வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தான். தலையைத் திருப்பி அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது. முதுகில் குத்திக்கொண்டே இருந்தான். என் இரண்டு கையும் பிரேக்கில்தான் இருந்தன.

உதடு கிழிந்த கேட் கீப்பர் தவழ்ந்து வந்து சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைச் செருகினாள்.

"வெச்சிட்டேன், வுடு!"

விட்டேன். டிராலியில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு குதித்தேன். என்னைக் குத்தியவன் ஓடிவிட்டான். டிரைவர் இன்னும் மேஸ்திரியை மிதித்துக்கொண்டிருந்தான். அவன் இடது கால் முட்டியில் ஓங்கி அடித்தேன். அலறிக்கொண்டு விழுந்தான். மறுபடி தலைக்கு ஓங்கினேன். கேட் கீப்பர் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்! செத்துடுவான்!"

போலீஸ் இரண்டு பக்கமும் கேஸ் போட்டது. ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் டிரைவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"உங்க மேஸ்திரிக்குக் கை சரியாச்சா?"

"நீட்ட முடியல."

"எனக்கும் கிளட்ச மிதிக்க முடியல."

எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அவனும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. உள்ளிருந்து எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்தான். அவன் உள்ளே போகட்டும் என்று காத்திருந்துவிட்டு நானும் போனேன்.