நடுவில் ஆள் இல்லாமல் படிக்க ஆசைப்பட்டவர்

சகுந்தலா மேடம் காலமான செய்தி முதலில் மேனேஜருக்குப் போயிருக்க வேண்டும். அது கேன்டீனுக்கு வந்தது. மேடம் லீவில் இருந்ததால் டெலிபோன் போர்டில் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவள் எந்தப் பட்டனை அமுக்கினாளோ, நான் பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் மணி அடித்தது. எடுத்தால் மேடத்தின் தம்பி. "சார், அக்கா காலையில தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். நான் சார் இல்லை, அட்டெண்டர் வசந்தா என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். மேனேஜர் அறைக்குப் போய் நான்தான் சொன்னேன். "சகுந்தலா போர்டுல இருந்திருந்தா இந்தக் குளறுபடி நடந்திருக்காது" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

சங்க மலருக்கு மேடத்தைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

உங்களில் பலருக்கு மேடம் ஒரு குரல். வெளியிலிருந்து கூப்பிட்டால் முதலில் கேட்கும் குரல். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நம் ஆபீசில் சிலர் வெளியாட்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்கள். நானும் அதை நம்பி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பூனை மாதிரி போய் அவர் பின்னால் நின்றேன்.

"இன்னா வேணும் வசந்தா?" என்றார், என்னைப் போலவே பேசிக்காட்டி.

"எப்படி மேடம்? செருப்பக் கூடக் கழட்டிட்டுத்தான் வந்தேன்."

"செருப்பாவது மண்ணாவது. வர்ற வழியில அக்கவுண்ட்ஸ்ல ரெண்டு பேரைத் திட்டிட்டு வந்தியே, அது போதாதா?"

அன்றிலிருந்து சிநேகிதம்.

அவருக்குப் புத்தகப் பைத்தியம். பிரெய்லியில் பாடப் புத்தகமும் பக்திப் புத்தகமும் கிடைக்கும். அவர் கேட்டது குண்டு குண்டான இங்கிலீஷ் கதைகள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், கான்வென்டில் டீச்சராக இருந்து ரிட்டயரான மாமி ஒருவர் அவற்றைக் கேசட்டில் படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்துப் பைசா வாங்கியதில்லை. மேடம் கேசட்டைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு வேளையில் எனக்குத் தமிழில் கதை சொல்வார். எனக்கு இங்கிலீஷில் எஸ், நோ இரண்டும்தான் தெரியும். அதிலும் நோ அதிகம் பழக்கமில்லை.

ஒரு நாள் கதையில் ஒருவன் மழையில் நனைந்து ஒருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். மேடம் அதோடு நிறுத்திவிட்டு, "அப்புறம் காலையில ரெண்டு பேரும் காபி குடிக்கிறாங்க" என்றார்.

"நடுவுல இன்னா மேடம் ஆச்சு?"

"நடுவுல டக்."

அவர் டேப்ரிகார்டரைப் போட்டுக் காட்டினார். மாமியின் குரல் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். உடனே மாமி வேறு மூச்சில், வேறு வேகத்தில் தொடர்ந்தார். வேண்டாத பகுதி வந்தால் மாமி ரிகார்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் தள்ளி, மறுபடி போடுகிறார். நிறுத்திய சத்தம் டேப்பில் ஏறிவிடுகிறது. எந்தக் கேசட்டை எடுத்தாலும் நாலு இடத்தில் டக். கொலை நடந்தால் டக் கிடையாது. கொள்ளைக்கும் கிடையாது. ஆணும் பெண்ணும் அறைக்குள் போனால் மட்டும் டக்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உனக்குப் பதிமூணு வயசுலருந்து யாராவது கதையை வடிகட்டிக் குடுத்திருந்தா தெரியும் வசந்தா. என் தம்பி பேப்பர் படிப்பான், அவனுக்குப் பிடிச்ச செய்தியா. மாமி படிப்பாங்க, அவங்களுக்குக் கூச்சமில்லாத பக்கமா. எனக்கு ஒரே ஒரு புஸ்தகம், முதல்லருந்து கடைசி வரை, நடுவுல ஆள் இல்லாம படிக்கணும். படிச்சிட்டு, நல்லா இல்லேன்னு தூக்கிப் போடணும்."

மாமியிடமே கேட்டுவிடலாம் என்று நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி முதலில் மழுப்பினார். "அதெல்லாம் உனக்கெதுக்குடி? கதைக்கு ஒண்ணும் குறையலையே."

"குறையறது கேக்குதே மாமி. டக்குனு."

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஆத்துல மாட்டுப்பொண் சமைச்சுண்டிருக்கா. அவர் ஊஞ்சல்ல உக்காந்துண்டு கேட்டுண்டிருக்கார். நான் கூடத்துல ரிகார்டரை வச்சுண்டு அதை வாய் விட்டுப் படிச்சா, இந்த வயசுல எனக்கு என்ன பேர் வரும், நீயே சொல்லு."

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. இறங்கி வரும்போது, "அவங்க மேல தப்பு இல்ல. இன்னொருத்தர் வாயை வாங்கிப் படிச்சா அவங்க வெக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்கணும்" என்றார்.

தி. நகரில் புத்தகம் படிக்கும் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று நம் மேனேஜர் சொன்னது அதற்குப் பிறகுதான். பாத்திரக் கடைக் குடும்பம். கீழே அப்பா எவர்சில்வர் விற்றார், மாடியில் மகன் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். புத்தகத்தை வட்டத் தகட்டில் பதிந்து கம்ப்யூட்டருக்குள் போட்டால் திரையில் பக்கம் வரும், ஸ்பீக்கரில் குரல் வரும். பார்வையற்றோர் பள்ளிகளுக்கு விற்பதாகத் திட்டம். அறிமுக விழாவில் மேடம்தான் முதல் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒரு மெஷின் அவருக்கே இனாம்.

அன்றைக்குப் பூவெல்லாம் வைத்துக்கொண்டு போனோம். போட்டோக்காரர்கள் வந்திருந்தார்கள். மேடத்தை நாற்காலியில் உட்கார வைத்து, ரமேஷ் என்ற இன்ஜினியர், "ரீட் பட்டனை கிளிக் பண்ணுங்க மேடம்" என்றான். அவர் கீபோர்டைத் தடவினார். "அதுல இல்ல மேடம். ஸ்கிரீன்ல இருக்கு, பச்சை கலர்ல." சொன்ன பிறகு ரமேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி முன்னால் வந்து, மேடத்தின் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைத்து, கையோடு சேர்த்து நகர்த்தி அமுக்கினார். மூக்கடைத்த வெள்ளைக்காரன் மாதிரி ஒரு குரல் படிக்க ஆரம்பித்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மேடம் கையை உருவிக்கொண்டார். "சார், கையைப் பிடிச்சு அமுக்க ஒரு ஆள் பக்கத்துலயே இருந்தா, அவரையே படிக்கச் சொல்லிடுவேனே. மெஷின் எதுக்கு?"

"என்ன மேடம் இப்படிச் சொல்லுதிய? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கிடலாம்லா."

"அப்ப கையெழுத்தும் அடுத்த வெர்ஷன்ல போட்டுக்கலாம்லா."

ஆட்டோவில் வரும்போது எனக்கு வயிறு எரிந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு மெஷினைத் தூக்கிக்கினு வந்திருக்கலாம் மேடம். ஓசில வர்றத எவனாவது வேணாம்னுவானா?"

"தூக்கிட்டு வந்து? தினம் நீ வந்து அமுக்குவியா?"

"வரேன். இன்னா இப்போ?"

"அதுக்கு மாமியே போதும்."

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீடு வரும் வரை நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்த ஒரே ஆட்டோப் பயணம் அது என்று பிறகு அடிக்கடி சொல்லிக்காட்டுவார்.

முதலாளி விவரமான ஆள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, மேடத்தின் மெஷினுக்கு மட்டும் தனியாகக் கீபோர்டு வழி செய்து தருவதாகச் சொன்னார். மேடம் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "எனக்கு மட்டும் செஞ்சு குடுத்தா அது உபகாரம் சார். எல்லாருக்கும் செஞ்சாத்தான் அது புஸ்தகம்." பிறகு மேடமே, சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் வந்து உதவுவதாகவும் சொன்னார்.

ஆகவே சனிக்கிழமைதோறும் பாத்திரக் கடை மாடி. ரமேஷும் மற்றப் பையன்களும் சரி செய்துவிட்டோம் என்பார்கள். மேடம் உட்கார்ந்தால் ஓடாது. "நாங்க கண்ணை மூடிக்கிட்டு டெஸ்ட் பண்ணோம் மேடம், நல்லா ஓடுச்சே!" என்பார்கள். ஓடாமல் என்ன? கண்ணை மூடும் முன்னால் எது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் ஒரு கண்ணால் எட்டியும் பார்க்கிறார்கள். ஒரு வாரம் நான் என் மதிய உணவுப் பையிலிருந்த துண்டை எடுத்து, டிவிப் பெட்டி மாதிரி இருந்த அந்தத் திரை மேல் தொங்கவிட்டேன். "இப்ப ஓட்டு நைனா, பாக்கலாம்." ரமேஷ் அந்தத் துண்டை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு அந்தக் கம்பெனியில் துண்டு போடாமல் எதையும் சோதிப்பதில்லை. என் துண்டு திரும்பி வரவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

சின்னச் சின்னதாக எத்தனையோ. படிக்க ஆரம்பித்தால் நிறுத்த வழி இல்லை. நிறுத்தினால், மறுநாள் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். படம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகும். ஒரு சனிக்கிழமை மெஷின் பாதியில் ஊமையாகிவிட்டது. மேடம் மரியாதையாகக் காத்திருந்தார். நான் வடை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் காத்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தால் ஏதோ ஒரு கட்டம், அதில் 'ஓகே' என்று எழுதியிருக்கிறது. அதை அமுக்கினால்தான் மேலே போகுமாம். மேடத்துக்கு அன்றுதான் நிஜமாகவே கோபம் வந்தது. "அது பேசாம இருந்தா, யோசிக்குதா, செத்துப்போச்சா, என்னைத்தான் கேக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும் ரமேஷ்? வாயைத் திறந்து சொல்லணும்." ரமேஷ் தலையாட்டினான். "தலையாட்டினதையும்" என்றார் மேடம். அவனே சிரித்துவிட்டான்.

மழைக்காலம் முடிந்து பொங்கலும் போன பிறகு ஒரு சனிக்கிழமை, துண்டு போட்ட பெட்டியின் முன்னால் மேடம் தனியாக உட்கார்ந்து, அம்புக்குறிப் பட்டன்களாலேயே ஒரு புத்தகத்தைத் திறந்தார், நிறுத்தினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், மூடினார். விற்பனைக்குப் போகும் தகடு எல்லாவற்றிலும் இதுதானா என்று ரமேஷிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். பள்ளிகள் எத்தனை வாங்கின என்று எனக்குத் தெரியாது. அதிகம் வாங்கவில்லை என்றுதான் கேள்வி.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் அவர் படிக்க வேண்டும் என்று கேட்டது, மழையில் நனைந்தவன் கதைதான். புத்தகத்தை வாங்க நான் மாமியிடம் போனேன். "எடுத்துண்டு போ. எதுக்குன்னு நான் கேக்கலை, நீயும் சொல்லலை" என்று பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ரமேஷ் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேனரில் வைத்து, மெஷின் படிக்கும் எழுத்தாக மாற்றிக் கொண்டுவந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேடம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டி, உட்கார் என்றார். என்னிடம் பேசவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை. விரல் மட்டும் பட்டனில். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. புருவம் ஏறியது. உதட்டைக் கடித்தார். நிறுத்தினார், பின்னால் போனார், மறுபடி கேட்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு. எனக்குக் காட்டுவதற்காகச் சிரித்த சிரிப்பு இல்லை அது.

ஹெட்போனைக் கழற்றியதும் நான் பாய்ந்தேன். "வந்துச்சா? டக் இருந்த இடம்?"

"வந்துச்சு."

"இன்னா மேடம் இருந்துச்சு? சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"மேடம்!"

"கதை கேளு, சொல்றேன். இது நான் படிச்சது."

எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? குழம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டிக்கூடப் பார்த்தேன். மசியவில்லை. அந்தப் புத்தகம் நல்லா இல்லை என்று மட்டும் பிறகு ஒரு நாள் சொன்னார். அதைச் சொன்னபோது அவருக்கு இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே.

அதன் பிறகும் மாமியின் கேசட்டை அவர் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மெஷின் படிக்குது. மாமி எனக்காகப் படிக்கிறாங்க" என்றார். சாவுக்கு வந்த மாமி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புஸ்தகம் முழுக்கப் படிச்சாளோ?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒரு பக்கம் விடாம" என்றேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நன்னா இருக்கட்டும்" என்றார்.

மேடத்தின் தம்பி, அக்கா நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். டேப்ரிகார்டர் இருந்தது, கேசட்டுகள் இருந்தன. நான் ஒன்றும் எடுக்கவில்லை. மழையில் வந்தவனுக்கு அவள் கதவைத் திறந்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு இன்னமும் தெரியாது. மாமியைக் கேட்டால் சொல்லக்கூடும், ரமேஷுக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்கப் போவதில்லை. அவர் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் படித்தது அந்த ஒரு பக்கம். அது எனக்குத் தெரியாமல் இருக்கிறதே, அதைத்தான் அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.