இழுத்த மூச்சு

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில், எனக்குச் சிசேரியன் செய்து பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்று வராந்தாவின் கடைசி அறையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து குழந்தையை வெளியே எடுக்கமாட்டார்கள். தாய்தான் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். நடப்பதற்கு முன் உட்கார வேண்டும்; அதுதான் முடியவில்லை. தலையைத் தூக்கினாலே தையல் மொத்தமும் சேர்ந்து இழுத்தது.

என் கணவர் தினமும் பார்த்துவிட்டு வருவார். யார் சாயல், முடி இருக்கிறதா என்று கேட்டால், "நல்லாருக்கு" என்பார். செய்தி சேகரிக்க அனுப்பத் தகுதியில்லாத ஆள்.

வார்டு சிஸ்டருக்கு வலி மாத்திரையில் பாதி நம்பிக்கைதான். மீதி மூச்சில். ஒருநாள் காலையில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"வலிக்கின்னு உடம்ப முறுக்கிக்கிட்டு கிடக்கிய. அதான் கூட வலிக்கி. கண்ண மூடுங்க. தோளத் தொங்கப் போடுங்க. இப்பம் மூச்ச நல்லா இழுங்க..."

அந்த இடத்தில் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். சிஸ்டர் ஓடினார். அன்று அங்கே கூட்டம். மாலை வரை திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் மூச்சை விட்டேன். அடுத்த கட்டிலில் இருந்த திரேஸ்புரத்துப் பெண் விடவில்லை. அவருக்கும் சிசேரியன்தான். கணவர் சங்கு குளிப்பவர். மூச்சடக்கிக் கடலடியில் சங்கு பொறுக்குகிறவர். அந்த வீட்டில் மூச்சு என்பது பிடித்துவைக்கிற பொருள். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகுதான் அவர் விட்டார்.

"என்னக்கா, அதுக்குள்ள விட்டுட்டிய?"

"விடத்தானே சொல்லுவாங்க?"

"இன்னும் சொல்லலைல்லா?"

மாலையில் அவர் கணவர் தூக்குவாளியில் பால்சுறாப் புட்டோடு வந்தார். மனைவி புது வைத்தியத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சிஸ்டரா சொன்னா? விசயம் தெரிஞ்ச பிள்ளதான். ஏளா, கன்னத்த உப்பாத. நெஞ்சுக்குள்ள வையி." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும் இழுத்துப் பிடிச்சிக்கிட்டு ஒரே மூச்சுல எந்திரிங்க. நடுவுல விட்டியன்னா தண்ணி குடிச்சிருவிய."

கட்டிலில் எங்கே தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வேறு வழியும் தெரியவில்லை. இழுத்தேன். பிடித்தேன். முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தேன். அங்கேயே மாட்டிக்கொண்டேன். மேலே போகவும் முடியவில்லை. கீழே சாயவும் பயம்.

"விட்டுராதியக்கா!" என்று கத்திவிட்டு, அடுத்த கட்டில்காரர் தானும் பிடித்துக்கொண்டார். துணைக்கு அவர் கணவரும் பிடித்தார். அப்போதுதான் பிளாஸ்க்கோடு வந்து நின்ற என் கணவர், யாரும் சொல்லாமலே, கண் பிதுங்கப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது சிஸ்டர் உள்ளே வந்தார்.

"இங்கன என்ன நடக்கு? எல்லாரும் ஏன் பலூன் மாதிரி இருக்கிய?"

சங்கு குளிப்பவர், பேசாதே என்று கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து என் கணவரின் மூச்சு, துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தத்தோடு வெளியே வந்தது. "மன்னிக்கணும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றோடு சிரிக்கிற நிலை வேண்டாதவர்களுக்குக்கூட வரக்கூடாது. "தலையணய வயித்துல அமுக்குங்க!" என்று சிஸ்டர் ஓடிவந்து அமுக்கினார். ஒவ்வொரு சிரிப்புக்கும் மூச்சு வெளியே போனது, தோள் தொங்கியது, முறுக்கியிருந்த உடம்பு தன்னால் இளகியது. வலி போகவில்லை, ஆனால் குறைந்திருந்தது. பார்த்தால், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"இழுத்து, மெதுவா விடணும். விடுததுதான் வைத்தியமே," என்றார் சிஸ்டர்.

"விட்டுட்டா அப்புறம் கையில என்ன இருக்கு?" என்றார் சங்கு குளிப்பவர். நிஜமாகவே கேட்டார்.

தலையணையைக் கட்டிக்கொண்டு, சிஸ்டர் கூடவர, அடிக்கு ஒரு மூச்சாக ஊதி ஊதி வராந்தாவைக் கடந்தேன். அந்த அறையில் முதல் தொட்டிலில் அடர்த்தியான முடி, அப்படியே எங்கள் வீட்டு நெற்றி. குனிய முடியாமல் நின்றபடியே அழுதேன். "எங்கப்பா நெத்தி," என்று சிஸ்டரிடம் காட்டினேன்.

"அது பையன்லா," என்றார் அவர். "உங்களுது அங்கன இருக்கு."

அடுத்த தொட்டிலில் என் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூங்கினாள். முடியும் இல்லை, எங்கள் வீட்டு நெற்றியும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து அழ ஆரம்பித்தேன்.